டீச்சரிடம் கேளுங்கள்: கண்டிக் கச்சேரியில் இருந்த துரை

போன இதழில் ஒரு வாசகி, "இந்த மழைக்கு என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள் டீச்சர்?" என்று கேட்டிருந்தார். லெனார்ட் வுல்ஃப் என்பவரின் தன்வரலாறு, இரண்டாம் பாகம், இலங்கையில் அதிகாரியாக இருந்துவிட்டுப் பிறகு பேரரசுகளை எதிர்த்தே எழுதிய ஆங்கிலேயர் என்று இரண்டு வரி பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் மேஜை நிறையக் கிடக்கின்றன. பெரும்பாலும் கூடலூர், பந்தலூர், குந்தா, கோத்தகிரிப் பக்கம், அதாவது சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் இருக்கிற இடங்களிலிருந்து. நானும் அப்படி ஒரு குடும்பத்துப் பிள்ளைதான். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு டேன்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலை) தோட்டத்தில் பேர் பதிந்தவர்கள் என் அப்பாவும் அம்மாவும். அதனால் இந்த மாதம் முழுக்க இந்தக் கடிதங்களுக்கே. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் டீச்சர் இந்த லெனார்ட் வுல்ஃப்? வெள்ளைக்கார அதிகாரி எழுதியதை நாம் எதற்குப் படிக்க வேண்டும்? (கூடலூர் வாசகர்)

முதல் கேள்விக்கு முதலில். 1880 நவம்பர் 25-ல் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா பெரிய வழக்கறிஞர், ஆனால் லெனார்டுக்குப் பதினோரு வயது இருக்கும்போது, 1892-ல், இறந்துவிட்டார். அதோடு வீட்டில் வசதியும் போயிற்று. பிள்ளைகள் உதவித்தொகையில் படித்தார்கள். 1899-ல் கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1904-ல் சிவில் சர்வீஸ் பரீட்சை எழுதினார்; இங்கிலாந்திலேயே நல்ல வேலை கிடைக்கிற அளவுக்கு மதிப்பெண் வரவில்லை, இந்தியாவுக்குப் போக வயது தாண்டிவிட்டது. மிச்சமிருந்தது இலங்கை. சரி என்று கப்பல் ஏறினார். கூடவே 90 தொகுதி வால்டேர் புத்தகங்களும், சார்லஸ் என்று ஒரு நாயும்! இருபத்து நான்கு வயதுப் பையன், எந்த ஊருக்குப் போகிறோம், அங்கே என்ன மொழி பேசுகிறார்கள் என்று ஒன்றும் தெரியாமல், ஒரு பெட்டி நிறையப் பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சுப் புத்தகத்தோடு கொழும்பில் போய் இறங்குகிறான். அந்தக் காட்சியை நினைத்தாலே எனக்கு அந்தப் பையன் மேல் ஒரு பரிவு வந்துவிடுகிறது.

1905 ஜனவரியில் யாழ்ப்பாணம். அங்கே தமிழ் படித்தார், பரீட்சை எழுதித் தேறினார். பிறகு சிங்களமும் படித்தார். 1907 ஆகஸ்டில் கண்டி. அதற்கு அடுத்த ஆண்டு தென்கோடியில் அம்பாந்தோட்டை மாவட்டத்துக்கே பொறுப்பதிகாரி. இருபத்து ஏழு வயதில் ஒரு லட்சம் ஜனங்களுக்கு மாஜிஸ்ட்ரேட்டும் அவரே, வரி வசூலும் அவரே, ரோடு போடுவதும் அவரே, உப்பு வாருவதும் அவரே. 1911 மே மாதம் விடுப்பில் இங்கிலாந்து போனவர் திரும்பவில்லை. 1912-ல் ராஜினாமா. அதே ஆண்டு ஆகஸ்ட் 10-ல், பிறகு பெரிய நாவலாசிரியையான வர்ஜீனியா ஸ்டீஃபனைக் கல்யாணம் செய்துகொண்டார். உலகம் அவரை வர்ஜீனியா வுல்ஃபின் கணவர் என்றுதான் அறியும்.

இரண்டாவது கேள்வி, எதற்குப் படிக்க வேண்டும் என்பது. வெளியில் நின்று பேரரசைத் திட்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் எழுத்துக்கும் மதிப்பு உண்டு. இவர் உள்ளே உட்கார்ந்து ஏழு வருஷம் அந்த இயந்திரத்தை ஓட்டியவர், அதுவும் நன்றாக ஓட்டியவர், ஓட்டும்போதே அது என்ன செய்கிறது என்று பார்த்தவர். ஓட்டுகிற தன் கையையும் சேர்த்துப் பார்த்தவர். ஆட்டப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஆட்டிய கை என்ன நினைத்தது என்று தெரிந்துகொள்ள நமக்கு உரிமை இருக்கிறது.

அவர் எப்போது மனம் மாறினார்? ஏதாவது ஒரு சம்பவமா? (கோத்தகிரி, கல்லூரி மாணவி)

ஒரே நாளில் மாறவில்லை அம்மா. ஆனால் அவரே எடுத்துச் சொல்கிற ஒரு சம்பவம் இருக்கிறது, அதை நான் மூன்று முறை படித்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நாள் மேலதிகாரியோடு குதிரையில் பெரிய தெரு வழியாகப் போகிறார். எதையோ காட்டுவதற்காகக் குதிரையைத் திருப்பி, கையிலிருந்த சவுக்கை நீட்டிச் சுட்டிக்காட்டுகிறார். அந்த நேரத்தில் பக்கத்தில் வண்டியில் வந்துகொண்டிருந்தவர் ஊரில் பெயர்பெற்ற தமிழ் வழக்கறிஞர். சில நாள் கழித்து, வுல்ஃப் வேண்டுமென்றே அந்த வழக்கறிஞரின் முகத்தில் சவுக்கால் அடித்தார் என்று தமிழர் சங்கம் கவர்னருக்குப் புகார் அனுப்பிவிட்டது. அடிக்கவில்லை என்று இவருக்குத் தெரியும். விளக்கம் எழுதிக் கொடுத்தார், விஷயம் அதோடு முடிந்தது. வேறு அதிகாரியாக இருந்தால் 'இந்த நேட்டிவ்கள் பொய் சொல்கிறார்கள்' என்று மறந்திருப்பார். இவருக்கு மறக்கவில்லை. அப்படி ஒன்றை நான் செய்திருப்பேன் என்று இவர்கள் நம்பினார்களே, அது எப்படி? வெள்ளைக்காரன், ஆளுகிறவன், குதிரை மேல் இருப்பவன், கையில் சவுக்கு. நம்பத்தானே செய்வார்கள்? மற்றவர்களை ஆள்கிற இந்த வேலை உண்மையில் எனக்கு வேண்டுமா என்ற சந்தேகம் முதன்முதலாக அரைகுறையாக அப்போதுதான் எட்டிப் பார்த்தது என்கிறார்.

ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் ஐந்தாறு வருஷம் அதே வேலையை உற்சாகமாகவே செய்தார். தான் கடுமையான அதிகாரி, வேலை வெறி பிடித்தவன், சிப்பந்திகளை விரட்டி வேலை வாங்கியவன் என்று அவரே எழுதுகிறார். அதை மறைக்காததால்தான் மற்றதையும் நான் நம்புகிறேன்.

எங்கள் தாத்தா கண்டிச் சீமைத் தோட்டத்தில் இருந்தவர். வுல்ஃப் கண்டியில் இருந்தபோது நம் ஆட்களைப் பற்றி எழுதியிருக்கிறாரா? (குந்தா வாசகர்)

இந்தக் கேள்வியோடு ஏழெட்டுக் கடிதங்கள். நானும் இந்தக் கேள்வியோடுதான் அந்தப் புத்தகத்தைத் திறந்தேன்.

கண்டியில் அவர் இருந்தது சரியாக ஒரு வருஷம், 1907 ஆகஸ்டிலிருந்து 1908 ஆகஸ்ட் வரை. ஏஜெண்ட் துரைக்கு (மாகாணத்தை நடத்துகிற அரசாங்க அதிகாரி) உதவியாளர். கச்சேரி (இலங்கையில் கச்சேரி என்றால் நம்ம கலெக்டர் ஆபீஸ், புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்) வேலை முழுக்க அவர் தலையில். கண்டி வழக்கப்படி நடந்த கல்யாணங்களில் விவாகரத்துக் கேட்டு வருகிறவர்களை விசாரிப்பது, கோப்பு, கையெழுத்து, வருகிற பெரிய மனிதர்களுக்குத் தலதா மாளிகையைத் திறந்துகாட்ட ஏற்பாடு செய்வது. பிரெஞ்சு நாட்டின் பழைய மகாராணி யூஜினி வந்தபோது புத்தரின் பல்லைக் காட்டியதும் இவர்தான். அப்புறம் போகம்பறைச் சிறை. தூக்குத் தண்டனை நிறைவேற்றும்போது அரசாங்கத்தின் சார்பில் நிற்க வேண்டியது இவர் பொறுப்பு. விடிகாலையில் அங்கே போய் நின்றதை, சில தூக்குகள் பிசகிப்போனதை, சுற்றிலும் அந்த மலையின் அழகு அப்படியே இருந்ததை எழுதியிருக்கிறார். ஆயுள் முழுக்க மரண தண்டனைக்கு எதிராக இருந்தார். அந்தப் பக்கங்களைப் படித்த அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் நம் ஆட்கள்? லயத்தை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) மையமாக வைத்து, கொழுந்து பறிக்கிற பெண்ணை மையமாக வைத்து அவர் ஒரு புத்தகமும் எழுதவில்லை. அவர் எழுதிய நாவல் தெற்கே வறண்ட காட்டுப்பகுதிச் சிங்களக் கிராமத்தைப் பற்றியது. அச்சில் வந்த அவரது அலுவல் நாட்குறிப்பு அம்பாந்தோட்டையுடையது. அவர் கண்டியில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்த அதே வருஷத்தில், சுற்றியிருந்த மலைகளில் நம் தாத்தா பாட்டிகளின் தாத்தா பாட்டிகள் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றுகொண்டிருந்தார்கள். 'துண்டு' முறை அமலில் இருந்த காலம் அது. தொழிலாளியின் பெயரில் இருக்கிற கடனை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அந்தத் தொகையைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆளையே மாற்றிவிடுவார்கள். கங்காணியின் கையில் சீட்டு, சீட்டில் உயிர். அது 1921-ல்தான் சட்டத்தால் ஒழிந்தது. கடன் எப்படி ஒரு மனிதனைக் கட்டிப்போடும் என்று இவரைப்போல் எழுதியவர்கள் குறைவு. அப்படிப்பட்டவர் நம் மலையை ஏறிப் பார்த்து எழுதாமல் போனது எனக்கு வருத்தம். இன்றைக்கும் வருத்தம்.

என் பாட்டிக்குக் 'கச்சேரி' என்ற வார்த்தையே பிடிக்காது. 1948 குடியுரிமைச் சட்டம் வந்து மலைநாட்டுத் தமிழர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்களாக ஆன பிறகு, 1949-ல் இன்னொரு சட்டம் வந்தது: இத்தனை வருஷம் இங்கே இருந்தோம் என்று நிரூபித்தால் பிரஜா உரிமை. பாட்டியும் தாத்தாவும் சாட்சிக் காகிதங்களை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை போனார்களாம், எந்த ஊர்க் கச்சேரி என்று பாட்டி சொன்னதில்லை. மூன்று தடவையும் ஏதோ ஒரு காகிதம் குறைந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் அப்போது வெள்ளைக்காரர்கள் இல்லை, சொந்த அரசாங்கம்தான். மேஜை மட்டும் அதே மேஜை.

ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கிறேன். நிர்வாகியாக அவர் எப்படி? (குன்னூர் வாசகர்)

தேர்வுக்குப் படிக்கிற நீங்கள் அவசியம் அவருடைய அம்பாந்தோட்டை நாட்குறிப்பைத் தேடிப் பிடியுங்கள். 1908 முதல் 1911 வரை. மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டாயக் குறிப்புதான், ஆனால் உப்பளம், குளம், மாடு, பள்ளிக்கூடம், சேனை (காட்டை வெட்டி எரித்துப் பயிரிடுவது) வெட்ட அனுமதி, எந்த விதானை (கிராமத் தலைவர்) சோம்பேறி என்று எல்லாம் அதில் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் புத்தகமாக அச்சாயிற்று. கால்நடையாகவும் குதிரையிலும் மாவட்டம் முழுக்கச் சுற்றியிருக்கிறார்.

அதில் நான் உங்களைப் படிக்கச் சொல்வது மாட்டு வெக்கை நோய் வந்த காலம். நோய் கண்ட மாடுகளைக் கட்டிப்போட வேண்டும், அலையவிட்டால் சுடப்படும் என்று உத்தரவு. நோய் பரவாமல் தடுக்க அதுதான் வழி, கால்நடை மருத்துவப்படி சரிதான். அலைந்த மாடுகளை அவரே துப்பாக்கி எடுத்துப்போய்ச் சுட்டார். கிராமத்தார் பார்வையில் என்ன நடக்கிறது? உழவுக்கும் பாலுக்கும் இருந்த ஒரே எருமையை ஒரு வெள்ளைக்காரன் வந்து சுட்டுவிட்டுப் போகிறான். நோயைக் கொண்டுவந்ததே இவன்தான் என்கிற அளவுக்கு வெறுத்தார்கள். ராப்பகலாக அவர்களுக்காகத்தான் உழைத்தேன், அவர்கள் என்னை வெறுத்தார்கள், அவர்கள் வெறுத்ததில் நியாயம் இருந்தது. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற துணிச்சல் அவருக்கு இருந்தது. எவ்வளவு திறமையாக ஆண்டாலும், கேட்காமல் ஆள்கிறவன் சொல்வது காதில் ஏறாது என்பதை அவர் கற்றது அந்த மாட்டுக் கொட்டில்களில்தான் என்று நினைக்கிறேன்.

முத்துக்குளிப்பையும் விட்டுவிடக்கூடாது. 1906-ல் மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் சலாபம் (முத்துக்குளிப்பு) நடந்தபோது அங்கே அனுப்பப்பட்டார். வெறும் மணல்வெளியில் ஒரே மாதத்தில் ஆயிரக்கணக்கான பேர் கூடுகிற ஊர் முளைக்கும், அரபிகளும் தமிழர்களும் மூழ்கிச் சிப்பி எடுப்பார்கள், எடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு மூழ்கினவனுக்கு. அழுகும் சிப்பி நாற்றத்தில் வாரக்கணக்கில் தூக்கமில்லாமல் இருந்து, பிறகு அதை வைத்தே ஒரு சிறுகதை எழுதினார். மூழ்கினவனுக்கு ஒரு பங்கு. அந்தக் கணக்கை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வர்ஜீனியா வுல்ஃபின் கணவர் என்பதைத் தவிர அவருக்கு இலக்கியத்தில் இடம் உண்டா? (ஊட்டி வாசகி)

உண்டு. 1913-ல் வந்த அவர் நாவல் பற்றிக் கீழே சொல்கிறேன். 1917-ல் கணவனும் மனைவியுமாகச் சுமார் 19 பவுண்டுக்கு ஒரு கை அச்சு இயந்திரம் வாங்கிச் சாப்பாட்டு அறையில் வைத்துத் தொடங்கியதுதான் ஹோகார்த் பிரஸ். வர்ஜீனியா எழுத்துக் கோப்பார், லெனார்ட் அச்சடிப்பார் (அவருக்குப் பிறவியிலேயே கை நடுக்கம், கோக்க முடியாது). ஃபிராய்டின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் அங்கே வந்தன. பேரரசைக் கேள்வி கேட்கிற புத்தகங்களும் வந்தன: கென்யா பற்றி நார்மன் லீஸ் எழுதியது 1924-ல், மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சுயாட்சி கேட்டு சி.எல்.ஆர். ஜேம்ஸ் எழுதிய சிறு நூல் 1933-ல். மனைவியின் நோயை முப்பது வருஷம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். 1941-ல் வர்ஜீனியா இறந்த பிறகும் 28 வருஷம் வாழ்ந்தார்.

நாவல் எப்படி? எங்கள் பக்கத்துக்கு ஒத்துவருமா? நான் பளியர் குடியிருப்புகளில் வேலை செய்கிறேன். (பழனி மலை, பண்ணைக்காட்டு வாசகர்)

நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. 'தி வில்லேஜ் இன் தி ஜங்கிள்' என்பது பெயர். சிங்களத்தில் 'பத்தேகம' என்று வந்திருக்கிறது. சிலிந்து என்கிற வேட்டைக்காரன், அவனுடைய இரட்டைப் பெண் பிள்ளைகள் புஞ்சிமெனிகே, ஹின்னிஹாமி, பத்துக் குடிசை உள்ள ஒரு கிராமம், சுற்றிலும் காடு. கதையில் வெள்ளைக்காரர்கள் ஓரத்தில்தான். ஒரு ஆங்கில மாஜிஸ்ட்ரேட் வருகிறார், நல்ல எண்ணத்தோடுதான் விசாரிக்கிறார், பொய் வழக்கு என்று அவருக்கே மணக்கிறது, ஆனாலும் சட்டப்படி சாட்சி இருக்கிறது, தண்டனை கொடுக்கிறார். அந்த மாஜிஸ்ட்ரேட் நாற்காலியில் வுல்ஃப் தன்னைத்தான் உட்காரவைத்திருக்கிறார் என்பது படிக்கிற யாருக்கும் புரியும்.

உங்கள் வேலைக்கு ஒத்துவருகிற இடம் எது தெரியுமா? சேனை. காட்டில் ஒரு துண்டு வெட்டி எரித்துத் தினை, கேழ்வரகு விதைப்பது. அதற்கு அரசாங்க அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு விதானை சொன்னால்தான் கிடைக்கும். விதானைக்கு ஒருவன் மேல் கோபம் என்றால் சீட்டு வராது, சீட்டு இல்லாமல் வெட்டினால் குற்றம், வெட்டாவிட்டால் பட்டினி. யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஒரு காகிதத்தைக் கொடுக்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான், ஒரு குடும்பமே அழிந்துபோயிற்று. கொழும்பில் சட்டம் எழுதினவனுக்கு இது தெரியவே தெரியாது. தேனுக்கும் கிழங்குக்கும் காட்டை நம்பியிருக்கிறவர்களோடு நீங்கள் பழகுகிறீர்கள், ஒரு சீட்டுக்காக எத்தனை நாள் நடக்கிறார்கள் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். அந்த அத்தியாயங்களை நீங்கள் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

எளிய ஆங்கிலம்தான். அகராதி அதிகம் தேவைப்படாது.

பேரரசு பற்றி அவர் எழுதியதின் சாரம் என்ன? (கோத்தகிரி, வரலாற்று ஆசிரியர்)

முக்கியமானது 1920-ல் வந்த ஆப்பிரிக்கா பற்றிய நூல், 'எம்பயர் அண்ட் காமர்ஸ் இன் ஆப்பிரிக்கா'. நாகரிகம் கொடுக்கப் போனோம், அடிமை வியாபாரத்தை நிறுத்தப் போனோம் என்று சொல்வதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, அரசாங்கத்தின் சொந்த அறிக்கைகளையும் வர்த்தகப் புள்ளிவிவரங்களையும் எடுத்து வரி வரியாகப் பார்க்கிறார். கச்சேரியில் கோப்பு பார்த்த கண். கிழக்கு ஆப்பிரிக்காவைப் பிடித்ததால் பிரிட்டனின் மொத்த வியாபாரத்தில் என்ன கூடியது என்று கணக்குப் போட்டால் மிகச் சொற்பம்; லாபம் பார்த்தது விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகளும் முதல் போட்டவர்களும். நாட்டின் பெயரால் சண்டை, பங்கு சிலருக்கு. கென்யாவில் குளிர்ந்த மேட்டு நிலங்களை வெள்ளையருக்கு ஒதுக்கிவிட்டு, அந்த மண்ணின் ஜனங்கள் கூலிக்கு வந்தே ஆக வேண்டும் என்பதற்காகக் குடிசை வரி போட்டதைப் படிக்கும்போது மலையில் வாழ்கிற எவருக்கும் நெஞ்சில் தைக்கும்.

அதற்கு முன்பே, 1916-ல், நாடுகளுக்கு இடையே ஓர் அரசாங்க அமைப்பு சாத்தியம் என்று அவர் எழுதிய நூல் சர்வதேச சங்கம் (ஐ.நா.வுக்கு முந்தைய அமைப்பு) அமைவதற்கான யோசனைகளுக்கு உதவியது. பிறகு பிரிட்டனின் தொழிற்கட்சியின் பேரரசு, சர்வதேசக் குழுக்களுக்கு இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் செயலாளர். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சுயாட்சி கொடுங்கள் என்று அறிக்கை மேல் அறிக்கை. 1915-ல் இலங்கைக் கலவரத்தை அரசாங்கம் கொடுமையாக அடக்கியபோது, நியாயம் கேட்டு லண்டன் வந்த இ.டபிள்யூ. பெரேராவுக்கும் டி.பி. ஜயதிலகவுக்கும் உதவினார்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்கர்கள் உடனே தாங்களே ஆண்டுகொள்ளலாம் என்று அவர் சொல்லவில்லை, சர்வதேச மேற்பார்வையில் கொஞ்ச காலம் இருக்கட்டும் என்றார். அந்த இடத்தில் பழைய துரை இன்னும் எழுந்து போகவில்லை. உங்கள் மாணவர்களுக்கு இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

1938-ல் இலங்கை அரசியல் சீர்திருத்தம் பற்றிக் கட்சிக்கு ஒரு குறிப்பு எழுதிக்கொடுத்தார். சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு வேண்டும், சுவிட்சர்லாந்து மாதிரி ஒரு கூட்டாட்சி முறையை யோசிக்கலாம் என்று அதில் இருக்கிறது. 1938! யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பத்து வருஷத்தில் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1964-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம்: நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த 5,25,000-ல்தான் உங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் குடும்பங்கள் இருக்கும். தன் கடைசிப் புத்தகத்தில், ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் மணி நேரம் பயனில்லாத வேலை செய்திருக்கிறேன் என்று அவர் கணக்குச் சொல்கிறார். அந்தக் குறிப்பு எழுதிய மணி நேரங்களும் அதில் சேர்ந்துதான் இருக்க வேண்டும். எனக்கு அது பயனில்லாத வேலையாகத் தோன்றவில்லை.

நம்ம ஊர் ஜான் சல்லிவனும் இப்படித்தானே? (கன்னேரிமுக்கு வாசகர்)

கொஞ்சம் அப்படித்தான். நூறு வருஷம் மூத்தவர். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்து, 1819-ல் நீலகிரியில் திம்பட்டிக்கு ஏறி வந்தவர், உங்கள் ஊரில் நினைவகம் இருக்கிறதே, நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தொதவர்களிடம் (தோடர்கள் என்றும் சொல்வார்கள்) ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கி ஊட்டியில் கல் பங்களா கட்டினார். பிறகு நிலம் தொதவர்களுக்கே உரியது என்று மேலிடத்தோடு வாதாடியவரும் அவரேதான். ஊர் திரும்பிய பின், 1853-ல், சமஸ்தானங்களைக் கம்பெனி விழுங்குவதை எதிர்த்து ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலேயன் கங்கைக் கரையில் செல்வத்தை உறிஞ்சி, தேம்ஸ் கரையில் கொண்டுபோய்ப் பிழிகிற கடற்பஞ்சு மாதிரி என்ற உவமை அதில் வருகிறது. அந்தப் பஞ்சு உவமை வெகுநாள் எல்லோர் வாயிலும் இருந்தது. ஆனால் சல்லிவன் கம்பெனி திருந்த வேண்டும் என்று நினைத்தார். வுல்ஃப், போக வேண்டும் என்று நினைத்தார். அந்த வித்தியாசம் பெரியது.

அவர் மறுபடி இலங்கைக்கு வந்தாரா? (பந்தலூர் வாசகி)

வந்தார். 1960-ல், எழுபத்தொன்பது வயதில், மூன்று வாரம். சுதந்திர நாட்டில் அவருக்கு நல்ல வரவேற்பு. யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை என்று பழைய இடமெல்லாம் போனார். அந்தப் பயணத்தில் ஒரு வயதானவர் அவரைத் தேடி வந்து, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய வெக்கை நோய்க் காலத்துத் தண்டனை ஒன்றைச் சொல்லி, அது நியாயமா என்று முகத்துக்கு நேரே கேட்டார். வுல்ஃப் அதைத் தன் புத்தகத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பாராட்டிப் பேசிய எத்தனையோ பேரைவிட அந்தக் கிழவரைத்தான் எனக்குப் பார்க்கத் தோன்றுகிறது. ஐம்பது வருஷம் மனசில் வைத்திருந்து கேட்டிருக்கிறார் பாருங்கள். 1969 ஆகஸ்ட் 14-ல் வுல்ஃப் காலமானார்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், பாட்டியின் தகரப் பெட்டியில் கண்டியிலிருந்த இந்திய அலுவலகம் கொடுத்த பாஸ்போர்ட்டும், குடும்ப அட்டையும், தோட்டத்துப் பேர்ச்சீட்டும் கரையான் பிடித்துக் கிடக்கிறது, வீடு மாறுகிறோம், போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள் அம்மா. நல்ல வெயில் அடிக்கிற நாளில் நிழலில் காயவைத்து, கரையான் மண்ணை மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனி வெள்ளைத் தாளில் வைத்து மடியுங்கள். லேமினேட் செய்ய வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்து, படத்துக்குப் பெயராகப் பாட்டியின் பெயர், தோட்டம், டிவிஷன், வந்த வருஷம் போட்டுவையுங்கள். பாட்டி இருக்கிறார்கள் என்றால் இன்றைக்கே உட்கார்ந்து கேளுங்கள், கப்பல் ஏறின நாள் என்ன கிழமை, கையில் என்ன இருந்தது, யார் வழியனுப்ப வந்தார்கள் என்று. அதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.